தலைவர் உட்கார வேண்டிய பெஞ்சு

பர்மாவில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துக்கு இந்த வருடம் வெள்ளையடித்தார்கள். பசுந்தாங்கில் ஓடைப் பக்கம் இருக்கிற பழைய கட்டடம்; ஒரு மழைக்காலம் போனால் சுவர் முழுக்கப் பாசி பிடித்துவிடும். வெள்ளையடித்து முடித்ததும் பழைய தலைவர்களின் படங்களைத் துடைத்து மறுபடி மாட்டினார்கள். ஆணி ஆறு, படம் ஐந்து. ஆறாவது படம் ஆபீஸ் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய லோஞ்சிக் கைலித் துணியில் சுற்றிக் கிடக்கிறது. சுற்றி வைத்தவள் நான்தான்.

அதை மாட்டுவதா வேண்டாமா என்று கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மாட்டினால் மற்றப் படங்களுக்குப் போட்டது போலக் கீழே நாலு வரி எழுதவும் வேண்டும். இப்போதைய காரியதரிசி மா நீலார் ஒரு சனிக்கிழமை காலை மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் வாய் திறந்தால் பாதிக்கு மேல் பர்மியம்தான். "டோ ரோசி, அவர்கிட்ட நீங்கதான் ரொம்ப வருசம் வேல பாத்தீங்க. நல்லவரா, கெட்டவரான்னு மட்டும் சொல்லிடுங்க, மத்தத நாங்க எழுதிக்கிறோம்" என்றாள். ஒரு மனிதரை ஒரே வார்த்தையில் முடித்துக் கொடுக்கச் சொல்கிறாள், அதுவும் வெறும் வயிற்றில். முதலில் மொஹிங்காவைச் சாப்பிடுவோம் என்றேன். சாப்பிட்டு முடித்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாடாளும் தலைவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த தலைவர் பதவி எட்டு மின்விசிறி, ஒரு மண்டபம், ஒரு சாவு வண்டி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, இவ்வளவுக்கும் அதிகாரம் உள்ள பதவி. ஆனால் அந்தப் பதவியைக் கிட்ட இருந்து பார்த்தவள் என்னைப்போல் இன்னொருத்தி இல்லை. நான் அந்தச் சங்கத்தின் கிளார்க்கு. இளம்பெண்ணுக்குப் போடுகிற 'மா'வோடு மா ரோசி என்று உள்ளே போனேன். பெரியவளுக்குப் போடுகிற 'டோ' சேர்ந்து டோ ரோசி ஆகி, மூட்டு தேய்ந்து வெளியே வந்தேன்.

சங்கத்தில் பெரும்பாலும் இந்துக்கள். துறைமுகத்திலும் ரயிலிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நான் கிறிஸ்தவப் பெண். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்த்தவர், எனக்குத் தமிழ் எழுத்தை அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கையெழுத்துக்காகவே எனக்கு வேலை கிடைத்தது. முதல் மூன்று வருடம் பழைய கிளார்க்கு எழுதியதைப் பார்த்து எழுதினேன், அவர் திட்டியதை வாங்கிக்கொண்டேன். வேலை பழகியது இவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் திட்டாமல், மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். அது அவசரப் புத்தகம். சங்க விதியில் ஒரு பிரிவு உண்டு. அவசர வேளையில் கமிட்டியைக் கேட்காமல் தலைவர் தனியாக உத்தரவு போடலாம். அந்த உத்தரவைக் கிளார்க்கு தனிப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். கூட்டம் ஏற்றால் நிற்கும், ஏற்காவிட்டால் அன்றைக்கே செல்லாது. இது எழுதி வைத்த விதி.

எழுதி வைக்காத வழக்கம் ஒன்றும் இருந்தது. அவசரப் புத்தகத்தை வாசிக்கும்போது தலைவர் தன் நாற்காலியில் இருக்கக் கூடாது. எழுந்து மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்து போய், வாசலோரமாக உறுப்பினர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார வேண்டும். கிளார்க்கு நின்றுகொண்டே வாசிப்பார். வாசித்து, கை தூக்கி, முடிவு எழுதிய பிறகுதான் தலைவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்காரலாம். அந்தக் கொஞ்ச நேரம் நாற்காலி காலியாகவே இருக்கும். இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்த முதல் இரண்டு தலைவர்களும் முணுமுணுக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் ஊ தங்கவேலு ('ஊ' என்றால் ஐயா); பீரோவில் கிடப்பது அவர் படம்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் புயலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் தலைவராக இருந்தபோது வந்த பெரும் புயலில் ஆற்றுக்கு அக்கரையில் டாலா பக்கம் கூரையே மிஞ்சவில்லை. கமிட்டியைக் கூட்ட வழியில்லை. மரங்கள் விழுந்து பஸ் ஓடவில்லை, போனும் இல்லை. அவர் பசுந்தாங் வரைக்கும் நடந்து வந்து மண்டபப் பூட்டைத் திறந்தார். மாற்று உடுப்புகூட இல்லாமல் ஆற்றைக் கடந்து வந்தவர்களை உள்ளே விட்டார். படகு வந்து நிற்கிற ஜெட்டியில் காத்திருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வேறு வண்டி கிடைக்காததால் எங்கள் சாவு வண்டியில் பீப்பாய்களை ஏற்றச் சொன்னார். வண்டி போய் நின்றது, ஒருவரும் கிட்ட வரவில்லை. பிணம் போகிற வண்டியில் வந்த தண்ணீரை யார் குடிப்பார்கள்? அவர் இறங்கி, ஒரு குவளை மொண்டு, எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தார். இரண்டாவது குவளையை, வண்டியில் கூடப் போயிருந்த என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். அதன் பிறகு வரிசை ஜெட்டிக்கு வெளியே போய்விட்டது.

அந்த மூன்று வாரத்தில் பதினோரு அவசர உத்தரவுகள். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து வாசலோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் பதினொன்றையும் வாசித்தேன். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதுகொண்டேதான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கையும் மேலே போயிற்று. அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் அன்றைக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்.

சில வருடம் கழித்து அவருக்கு முழங்கால் தேய்ந்தது. ஒரு மாதக் கூட்டத்தில் நான் அவசரப் புத்தகத்தோடு எழுந்து நின்றேன். சின்ன உத்தரவு ஒன்றுதான். ஒழுகிய கூரையைச் செப்பனிட்டது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார், முகம் சுருங்கியது. "ஐயா, உக்காருங்க. இதுக்குப் போயி அவ்வளவு தூரம் நடக்கணுமா?" என்றேன். மண்டபமே ஆமாம் ஆமாம் என்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாதம் நானே அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்து போட்டேன். நீலப் பூப்போட்ட துணி.

அப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார். பிறகு, நேரமாகிறது, சுருக்கமாக வாசியுங்கள் என்றார்கள். பிறகு "வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதப் பழகினேன். அவசரமும் பெருகியது. முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு வரும், பிறகு மாதத்துக்கு இரண்டு. கெட்ட எண்ணத்தில் போட்டதில்லை. கமிட்டி பேசிப் பேசி ஒரு மாதம் இழுக்கிற காரியத்தை அவர் ஒரு கையெழுத்தில் முடித்தார், நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

ஒருத்தர் மட்டும் விடவில்லை. செல்லையா அண்ணன். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதக் கூட்டத்துக்கு அங்கிருந்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் பிடித்து வருவார், வாசலோரப் பெஞ்சில் உட்கார்வார், கூட்டம் முடிகிற நேரத்தில் கை தூக்குவார். "அவசரப் புத்தகம் வாசிக்கலீங்களே" என்பார். மாதா மாதம் அதே கேள்வி. பின்வரிசையில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் தன் மருமகனை அவசர உத்தரவில் மண்டப மேலாளர் ஆக்கினார். மருமகன் மாடி அறையைத் தன் வியாபாரச் சரக்கு வைக்கப் பிடித்துக்கொண்டான். அது தமிழ் வகுப்பு நடக்கிற அறை. பிள்ளைகள் இரண்டு ஞாயிறு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். ஊரில் தமிழ்க்காரர் வைத்திருக்கிற போனிலெல்லாம் அது போயிற்று. செல்லையா அண்ணன் ஒரு தாளில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். மருமகனைப் பதவியிலிருந்து எடுக்க வேண்டும், அவசரப் புத்தகத்தை முழுசாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை தலைவர் என் மேசைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. செல்லையாவின் உறுப்பினர் உரிமையை நிறுத்தி வைப்பதாக அவசரப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். உறுப்பினரை நீக்கப் பொதுக்கூட்டம் வேண்டும் என்று நான் சொன்னேன். நீக்கவில்லை, நிறுத்தித்தான் வைக்கிறேன் என்றார்.

"என்ன அவசரம்னு எழுதட்டும், ஐயா?"

"சங்கத்தோட பேருக்கு அவசரம்னு எழுதும்மா."

எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அது. பேனாவை மூடி வைத்திருக்கலாம், வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது; அதைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. செல்லையா அண்ணனின் மகள். அம்மா போய்விட்டாள், வண்டி அனுப்புங்கள் என்றாள். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்காவை எனக்குத் தெரியும். சங்கத்துப் பொங்கலுக்கு வருடா வருடம் அவள்தான் அடுப்பு மூட்டுவாள். எங்கள் சாவு வண்டி உறுப்பினர் வீட்டுக்குத்தான் போகும். டிரைவர் பதிவேட்டைப் பார்த்தார், பேருக்கு எதிரே என் கையால் "நிறுத்தம்" என்று இருந்தது. தலைவரின் வார்த்தை இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டார்.

நான் தலைவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "ஐயா, பாக்கியம் அக்கா" என்று மறுபடி சொன்னேன்.

"என் கையெழுத்த நானே மீறணுமா, மா ரோசி? நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார். குரலில் கோபம் இல்லை. பயந்துபோன மனிதரின் குரல் அது. கூட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

சாவி என் மேசைமேல் இருந்தது. டிரைவர் ஓட்ட மறுத்தால் வேறு ஆளைப் பிடித்திருக்கலாம். அதுவும் செய்யாமல், மத்தியானத்துக்கு மேல் வட்ட ரயில் பிடித்து இன்சீன் போனேன். ஒன்றரை மணி நேரம். நான் போய்ச் சேரும்போது தெரு கூட்டிப் பெருக்கியிருந்தது. அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் தங்கள் தர்ம வண்டியைக் கொண்டுவந்து, பூப்போட்டு, மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. மகள் மட்டும் வீட்டில் இருந்தாள். எனக்கு லாபெயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அம்மா சங்க வண்டியிலதான் போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, ஆன்ட்டி" என்றாள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. செல்லையா அண்ணன் வரவில்லை. வருவதற்கு அவருக்கு உரிமையும் இல்லையே. அவர் உட்காரும் இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. தலைவர் என் நீல மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். அவசரப் புத்தகம் என்ற இடம் வந்ததும் அவர் தாளைப் புரட்டி, "வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்றார். நான் எழுந்து நின்றேன். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"ஐயா, பெஞ்சு காலியா இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புயல் நாளில் குவளையை நீட்டினபோது பார்த்த அதே கண். கோபித்துக்கொண்டு கூட்டத்தைக் கலைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்கும் அவருக்கு ஒரு அவசர உத்தரவு போதும். அவர் நாற்காலிக் கையைப் பிடித்தார். எழுந்தார். மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டு, நடுவில் ஒரு தூணைப் பிடித்து நின்று, மறுபடி நடந்தார். பிடித்துக்கொள்ள இரண்டு பேர் எழுந்தார்கள், வேண்டாம் என்று தலையாட்டினார். செல்லையா அண்ணன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன்.

வாசித்ததாக எழுதி விட்ட அத்தனையையும் வாசித்தேன். முக்கால்வாசிக்குக் கை தூக்கினார்கள். மருமகன் நியமனத்துக்கு ஒரு கைகூட இல்லை. கடைசியாகச் செல்லையா அண்ணன் விஷயம். வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன். கூட்டம் வாயைத் திறக்கும் முன்னால் பெஞ்சிலிருந்து அவர் குரல் வந்தது. "செல்லாதுன்னு எழுதிக்கம்மா."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டம் முடிகிற வரைக்கும் பெஞ்சிலேயே இருந்தார். மறுவாரம் ராஜினாமா வந்தது. ஐந்தாறு பேர் அவர் படத்தைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கழற்றினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நானே கழற்றித் துணியில் சுற்றினேன். அவர் இறந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மா நீலார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், போன வாரம் மறுபடி இன்சீன் போனேன். செல்லையா அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், மற்றபடி ஆள் திடம். படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்ன பிறகுதான் ஒரு சங்கதி எனக்குத் தெரிந்தது: ராஜினாமாவுக்குப் பிறகு தலைவர் மூன்று தடவை அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவை அண்ணன் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை மழை, திறந்துவிட்டார். தலைவர் பாக்கியம் அக்கா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாராம், அந்த முழங்காலோடு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

"மன்னிச்சிட்டீங்களா, அண்ணே?"

"இல்ல. அது அவ மன்னிக்க வேண்டியது" என்றார். பிறகு, "படத்த மாட்டுங்க. ஜெட்டில தண்ணி குடிச்சதையும் எழுதுங்க, வண்டி வராததையும் எழுதுங்க. ஒண்ண எழுதி ஒண்ண விட்டா நான் வந்து கை தூக்குவேன்" என்றார்.

அப்போதுதான், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். தலைவர் திமிரினால் பெஞ்சுக்குப் போகாமல் விட்டார் என்று எல்லாரும் பேசுகிறார்கள், முதல் நாள் உட்காரச் சொன்னவள் நான் என்றேன். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார்.

"தெரியும்மா. அன்னிக்கு ஆமா ஆமான்னு கத்துனதுல என் சத்தந்தான் பெருசு" என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம். நான் எழுதிக் கொடுத்ததைக் கமிட்டி அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆறாவது ஆணியில் படம் ஏறியது. கீழே உள்ளதை மா நீலார் எழுத்துக்கூட்டித் தமிழில் வாசித்தாள்: "ஊ தங்கவேலு. புயலில் மண்டபத்தைத் திறந்தார், முதல் குவளையைத் தாம் குடித்தார். அவசரமில்லாத நாளிலும் அவசர உத்தரவு போட்டார். ஒரு உறுப்பினர் வீட்டுக்கு வண்டி போகவில்லை. நாங்கள் அவரை உட்காரச் சொன்னோம். புத்தகத்தை வாசித்த அன்று எழுந்து பெஞ்சுக்குப் போனார்."

பிறகு அவசரப் புத்தகம். புதிய கிளார்க்கு காய்ச்சலில் படுத்திருந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு உத்தரவு, தண்ணீர் மோட்டார் பழுது. புதிய தலைவர் முப்பத்தைந்து வயது பல் டாக்டர். விறுவிறுவென்று நடந்து போய்ப் பெஞ்சில், இன்சீனிலிருந்து வந்திருந்த செல்லையா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மேசையைப் பிடித்து எழப் பார்த்தேன். முழங்கால் சுரீரென்றது.

"டோ ரோசி, உக்காந்தே வாசிங்க. ரெண்டு வரிதானே" என்றாள் மா நீலார். பிரியமாகத்தான் சொன்னாள். கமிட்டிக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதுகுக்கு வைக்க யாரோ ஒரு மெத்தையைக்கூட எடுத்து நீட்டினார்கள். நீலப் பூ வெளுத்துப்போன மெத்தை.

வாசலோரம் பார்த்தேன். செல்லையா அண்ணன் மட்டும் இந்தத் தடவை ஆமாம் போடவில்லை. கைத்தடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெத்தையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வலித்தது. புத்தகத்தைத் திறந்து, அவர் காதுக்கும் எட்டும்படி சத்தமாக வாசித்தேன்.